பொன்னாடை போர்த்திய அடுக்குக் கட்டில்

ஆரிப் காக்கா விசாவை கேன்சல் செய்துவிட்டு ஊருக்குக் கிளம்பிய நாள், 2024 அக்டோபர் 17, வியாழக்கிழமை. ஷார்ஜா ரோலாவில் எங்கள் கட்டடத்தின் நாலாவது மாடியே அன்று அழுதது. முப்பது வருஷம் இங்கே கிடந்த நல்ல மனிதர், அதற்காக அழுதார்கள் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். உண்மைக் காரணம் வேறு. எங்கள் எதிர் பிளாட்டின் வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்தது. அவர் போய்விட்டால் அது யார் கைக்குப் போகும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள்.

லிஃப்ட் வாசலில் உம்மு ஹானி ராத்தா அவர் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். கீழக்கரைக்குப் போகிறவருக்குக் கீழக்கரைத் தொதல் இனிப்பு. அண்ணனைக் காக்கா, அக்காவை ராத்தா என்பது அந்த ஊர் வழக்கம்.

"காக்கா, கடைசியா பிளாட்ட யாருக்கு மாத்தினீங்க?"

ஆரிப் காக்கா பெட்டியின் கைப்பிடியை இழுத்தார், உள்ளே தள்ளினார், மறுபடி இழுத்தார். "சேகு காக்கா கேட்டாஹ. ஊர்க்காரவுஹ. முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"முடியாதுன்னுதான் சொல்றது."

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. அவருக்கு அது பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த பிளாட்டில் ஓர் அறையில் ஆரிப் காக்கா குடும்பம், இன்னோர் அறையில் உம்மு ஹானி ராத்தா. கிச்சன் முழுக்க ராத்தாவுடையது. அங்கேதான் அவருடைய மெஸ் நடந்தது. ரோலா, இண்டஸ்ட்ரியல் ஏரியா, அல் நஹ்தா என்று நாற்பது சொச்சம் பேச்சலர்களுக்கு மதியச் சோறு அந்த அடுப்பிலிருந்துதான் போனது. ராத்தாவின் வீட்டுக்காரர் மூசா, அபுதாபிக்கு அப்பால் ருவைஸில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார், சாப்பிடுவார், தூங்குவார், போவார். இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் விழித்திருந்து பார்த்தவர்கள் குறைவு.

மெஸ் போனால் ராத்தா ஊருக்குத் திரும்பி மாமியார் வீட்டில் உட்கார வேண்டும். அதைத் தவிர இந்த உலகத்தில் எதைச் செய்யவும் அவர் தயாராக இருந்தார்.

சேகு காக்கா என்கிற செய்கு முகம்மதுவை ரோலாவில் தெரியாதவர்கள் கிடையாது. அப்படி யாரும் இருந்துவிடக் கூடாது என்று பாடுபடுகிறவர் அவர். பாத்திரக் கடை வைத்திருந்தார். கூடவே ஏழெட்டு பிளாட்டுகளைத் தன் பெயரில் எடுத்து, அறைக்குள் பிளைவுட் தட்டி அடித்து, தட்டிக்குள் அடுக்குக் கட்டில் போட்டு, கட்டிலைச் சுற்றித் திரை மாட்டி, ஆளுக்கு ஒரு பெட்ஸ்பேஸ் என்று விடுவார். அதோடு கடலோர நண்பர்கள் பேரவையின் தலைவர். பேரவையின் வேலை, வருஷத்துக்கு நாலைந்து விழா எடுத்து ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்வது. ஒரே பொன்னாடைகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன என்று சோலைமுத்து சத்தியம் செய்வார். ஒன்றில் சாம்பார்க் கறை ஒன்றை அவர் அடையாளம் வைத்திருந்தார்.

சோலைமுத்து முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு பிரஸ்ஸில் வேலை. ராத்தாவிடம் சோறு, சேகு காக்காவின் பிளாட்டில் கட்டில். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு பக்கம் அடி விழும் மனிதர்.

ஆரிப் காக்கா போன மறுநாளே சேகு காக்கா தச்சர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கிச்சனுக்குள் வந்தார். தச்சர் அளவு நாடாவை இழுத்தார். நான் அப்போது அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"மாஷா அல்லாஹ், கிச்சன் எம்மாம் பெருசு! இதுல பாதி போதுமே ராத்தா உங்களுக்கு?"

"பாதி அடுப்புல சோறும் பாதிதான் காக்கா வேகும்."

"அடுப்ப பால்கனில வச்சிக்கங்க. காத்தோட்டமா இருக்கும்."

"கேஸ் அடுப்புக்குக் காத்தோட்டமா?"

"நாலு பேருக்குத் தங்க எடம் கெடைக்கும்ல. நமக்குச் சவாப்பு, புண்ணியம்." தச்சரைப் பார்த்து, "ஃப்ரிட்ஜ நகட்டினா அங்கயும் ஒரு கட்டிலு போடலாம், ஏம்ப்பா?" என்றார். பிறகு பெரிய மனதோடு ராத்தாவிடம் சொன்னார்: "அவசரம் இல்ல. டிசம்பர்ல பேரவை ஆண்டு விழா முடியட்டும். அப்புறம் தட்டி அடிச்சிக்கிரலாம்."

அவர் போனபின் ராத்தா மீனைக் கழுவினார். அந்த மீன் அவ்வளவு கழுவப்பட வேண்டிய மீன் அல்ல.

ராத்தாவுக்கு வரையத் தெரியும் என்பது அவருடைய சோற்று மூடிகளால்தான் எங்களுக்குத் தெரிந்தது. பார்சல் சோறு அலுமினிய டப்பாவில் போகும். மேலே வெள்ளை அட்டை மூடி. அவருடைய ஆட்களில் மூன்று செல்வம், நாலு ரபீக், இரண்டு கார்த்தி. ஒருவருக்கு உப்புக் குறைய வேண்டும், ஒருவருக்கு மீன் ஆகாது, இன்னொருவர் வெள்ளிக்கிழமை அசைவம் தொடமாட்டார். பெயர் எழுதி அனுப்பினால் சோறு மாறிப்போனது. அதனால் ராத்தா மூடியில் மார்க்கர் பேனாவால் ஆளின் முகத்தையே வரைந்துவிடுவார். ஒரு மூக்கு, ஒரு மீசை, காது கொஞ்சம் பெரிதென்றால் காது. நாலு கோடு போதும். டெலிவரிப் பையனுக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒருமுறை ஒரு ரபீக் சொல்லாமல் கொள்ளாமல் மீசையை எடுத்துவிட்டார். அன்று அவருடைய கருவாட்டுக் குழம்பை வேறொரு ரபீக் சாப்பிட்டார், சாப்பிட்டவர் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பள்ளியில் ராத்தா வகுப்பு முழுவதற்கும் தவளை வரைந்து கொடுத்தவராம். அறிவியல் டீச்சர் ஒருநாள் எல்லாத் தவளைகளும் ஒரே மாதிரிச் சிரிப்பதைக் கண்டுபிடித்தார். உற்றுப் பார்த்தால் அது அந்த டீச்சரின் சிரிப்பு. அத்தோடு படிப்பு முடிந்தது என்று ராத்தா சொல்வார். அதற்கும் கல்யாணத்துக்கும் நடுவே இருந்த இரண்டு வருஷத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார்.

நான் அந்த மாதம்தான் திரும்பி வந்திருந்தேன். மூன்று வருஷம் ஊர் ஊராகச் சுற்றியதில் கடைசியாக பிரான்சில், லியோன் நகரத்து அச்சுப் பட்டறை ஒன்றில் கல் கழுவும் வேலை. அங்கே கல்லில் படம் வரைந்து அச்சடிப்பார்கள். நான் கழுவுவேன். வரும்போது பழைய சந்தையில் பொறுக்கிய சில அச்சுப் படங்களைக் கொண்டுவந்தேன். அப்பா அவற்றைப் பார்த்துவிட்டு, "மூணு வருஷத்துக்கு இதுவா?" என்றார். அம்மா, "கறை படியாம எடுத்து வை," என்று மட்டும் சொன்னாள். அதனால் ராத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

ராத்தா கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கறுப்பு அங்கிக்குள் ஊதிப்போன வக்கீல்கள். தொந்தியும் தொப்பியுமாக ஒரு வீட்டு முதலாளி, குடியிருப்பவன் முகத்துக்கு நேரே விரலை ஆட்டுகிறார். ஒரு தாளில் வெறும் பேரிக்காய், அதற்குக் கண்ணும் மூக்கும்.

"இது யாரு?"

"பிரான்ஸ் நாட்டு ராஜா."

"காயா?"

"முகம் அப்படி இருந்துச்சாம் ராத்தா. ஒருத்தர் அப்படி வரைஞ்சதும் ஊரே வரைய ஆரம்பிச்சிருச்சு. சுவத்துல எல்லாம் பேரிக்காய். டோமியேன்னு ஒரு ஓவியர், ராஜாவை இன்னொரு மாதிரி வரைஞ்சதுக்கு ஆறு மாசம் ஜெயிலு."

"ஜெயில்ல இருந்து வந்து?"

"அப்புறமும் வரைஞ்சார். கொஞ்ச நாள்ல ராஜாவை வரையக் கூடாதுன்னே சட்டம் போட்டாங்க. சரின்னு வக்கீல், டாக்டர், வீட்டு முதலாளின்னு வரைஞ்சார். நாலாயிரம் படத்துக்கு மேல."

ராத்தா அந்த வீட்டு முதலாளி படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஆளை எடை போடுகிற பார்வை. "நான் பதினஞ்சு வருஷமா சோறு திங்கிறவன் மூஞ்சியவே வரஞ்சிக்கிட்டு இருந்திருக்கேன்," என்றார். "எவன் சோத்துல கை வைக்கிறானோ அவனத்தான் வரையணும்."

ஆனால் நாற்பது மூடியிலும் ஒரே படத்தைக் கையால் வரைந்தால் அன்றைக்குச் சோறு வடிக்க நேரம் இருக்காது. நான் கல்லச்சைப் பற்றிச் சொன்னேன். எண்ணெய்ப் பசையுள்ள பென்சிலால் கல்லில் வரைவது, கல்லை ஈரமாக்குவது, மை உருட்டினால் ஈரத்தில் ஒட்டாமல் பசையில் மட்டும் ஒட்டுவது.

"எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதுன்னு தெரிஞ்சிக்கிறதுக்கா மூணு வருஷம் போன? என் ரசச் சட்டியக் கேட்டிருந்தா சொல்லியிருக்கும்."

கல்லுக்கு ரோலாவில் எங்கே போவது? லியோனில் விளையாட்டாக ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கல்லுக்குப் பதில் சமையல் அலுமினியத் தாள், அமிலத்துக்குப் பதில் கோலா. ராத்தாவிடம் தாள் பெரிய ரோலாகவே இருந்தது. ஒரு தட்டின் மேல் சுருக்கம் விழாமல் அதை இழுத்துப் போர்த்தினோம். வரைவதற்குக் கண் மைப் பென்சில். ராத்தா அரை மணி நேரம் தலை நிமிராமல் வரைந்தார். மேலே கோலாவை ஊற்றி, கழுவி, கண் மையை எண்ணெயால் துடைத்து, பஞ்சால் ஈரம் ஒற்றி, மை உருட்டினோம். மை சோலைமுத்து பிரஸ்ஸிலிருந்து கொண்டுவந்தது. எதற்கு என்று நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. மூடியை மேலே வைத்து, சப்பாத்திக் கட்டையால் அழுத்தி உருட்டி எடுத்தேன்.

முதல் இரண்டு மூடி பாழ். மூன்றாவதில் அவர் இருந்தார்.

இரும்பு அடுக்குக் கட்டில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. நாலு கால்களுக்கும் பளபளக்கும் ஷூ. மேல் கம்பியில் சேகு காக்காவின் சதுரக் கண்ணாடி, அவருடைய விழாச் சிரிப்பு, கன்னத்து மச்சம். கட்டிலின் திரையாகத் தொங்கியது சரிகை போட்ட பொன்னாடை. அதன் இடுக்குகளிலிருந்து கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன, மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும், ஒன்றின் மேல் ஒன்றாக. ஒரு காலில் கட்டை விரல் இடத்தில் சாக்ஸ் கிழிந்திருந்தது.

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். ராத்தா சிரிக்கவில்லை. "மச்சம் பக்கம் மாறிப் போச்சே," என்றார். அச்சில் இடம் வலம் மாறும் என்பதை நான் சொல்ல மறந்திருந்தேன். "போகட்டும். சோத்தப் போடு."

மறுநாள் மதியம் நாற்பது சொச்சம் கட்டில்கள் ஷார்ஜாவெங்கும் போயின. எப்போதும் போடும் ஆள் முகம் மூலையில் சின்னதாக இருந்தது. சாம்பார் ஆறுவதற்குள் படம் வாட்ஸாப்பில் ஏறிவிட்டது. ஒருவரும் யாரென்று எழுதவில்லை, எழுத வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் வியாழன்தோறும் ஒரு மூடி. கட்டில் மைக்கைப் பிடித்துப் பேசுகிறது. கட்டில் கட்டிலுக்குப் பொன்னாடை போர்த்துகிறது. ஒரே கழிப்பறைக்கு முன் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வரிசை நிற்க, கட்டில் அந்த வரிசையை அளவு நாடாவால் அளக்கிறது. நான்காவது வாரம் கட்டில் ஒரு ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே ஒரு ஆள் படுக்கலாமா என்று குனிந்து பார்த்தது.

இரண்டாவது வாரமே சோலைமுத்து ஓடி வந்தார். "யக்கா, நாந்தேன் மை குடுத்தேன்னு தெரிஞ்சா என்னைய ரோட்டுல தூக்கிப் போட்ருவாக. இனிமே குடுக்க மாட்டேன்."

"சரி. சாப்பாடு எடுத்துக்கிட்டுப் போ."

அவர் டப்பாவை வாங்கிக்கொண்டு மூடியைப் பார்த்தார். தோள் குலுங்கியது. "அந்தக் கிழிஞ்ச சாக்ஸு என் காலுதானே யக்கா?" அடுத்த வாரமும் மை வந்தது.

ருவைஸிலிருந்து மூசா காக்கா போன் செய்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "ஏ உம்மு ஹானி, உனக்கு என்ன பைத்தியமா? கட்டில் படம் இங்க லேபர் கேம்ப்பு வரைக்கும் வந்துருச்சு. மலையாளத்தானெல்லாம் பாத்துச் சிரிக்கிறான். சேகு காக்கா பாத்தாஹன்னா டிசம்பர் வரைக்கும் ஏன் நிக்கப் போறாஹ, நாளைக்கே வெளிய போன்னுவாஹ!"

"நாளைக்குப் போனா என்ன, டிசம்பர்ல போனா என்ன? சோறு தின்னீங்களா?"

"தின்னேன்." பின்னால் கேஷ் கவுன்ட்டர் மணி அடித்தது. "அந்த ஃப்ரிட்ஜு படம் நல்லாருந்துச்சு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

நவம்பர் நடுவில் சேகு காக்கா வந்தார். கையில் மூடி. முதல் வாரத்து மூடி, ஓரத்தில் மஞ்சள் எண்ணெய். ராத்தா கரண்டியைக் கீழே வைக்காமல் திரும்பினார். நான் கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன், எதற்கென்று தெரியவில்லை.

"இத யாரு வரஞ்சது?"

"நான்தான்," என்றார் ராத்தா.

சேகு காக்கா மூடியை மார்போடு வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ராத்தா, இந்த ஊருல எனக்கு எத்தனையோ பேரு மாலை போட்டிருக்கான். ஒருத்தன் என்னையப் புரிஞ்சிக்கிட்டதில்ல. நீங்க புரிஞ்சி வரஞ்சிருக்கீங்க. எத்தனை பேர நான் தாங்குறேன்! என் மடியில படுக்க வச்சிருக்கேன்! பொன்னாடையக்கூட எனக்கா வச்சிக்கிறாம அவங்களுக்குப் போத்தி விட்டிருக்கேன் பாருங்க."

ராத்தா கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒரே ஒரு குறை," என்றார் அவர். "மச்சம் எனக்கு வலது பக்கம். அத மட்டும் சரி பண்ணிக் குடுங்க. ஆண்டு விழாவுக்கு மேடைக்குப் பின்னால இததான் பேனரா அடிக்கப் போறேன். உங்களுக்கும் ஒரு நினைவுப் பரிசு உண்டு."

"அப்ப கிச்சன் காக்கா?"

"அது வேற, இது வேற," என்றார் கனிவாக. "தச்சருக்குச் சொல்லியாச்சு. விழா முடிஞ்ச மறுவாரம்."

இதைப் படிப்பவர்களுக்கு நம்பிக்கை வராது. கல்ஃப் தமிழர் விழா ஒன்றையாவது பார்த்தவர்களுக்கு வரும். ஒரு மனிதனின் படத்தைப் பெரிதாகப் போட்டு, அதில் பொன்னாடையும் இருந்தால், அது பாராட்டு. அதை வேறு எப்படிப் பார்ப்பது என்று சேகு காக்காவுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. முப்பது வருஷமாக அவர் பார்த்த படங்கள் எல்லாம் பாராட்டுத்தான்.

அவர் போனபின் ராத்தா அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "ஏன் புள்ள, அந்த பிரான்சுல இப்படி நடந்திருக்கா?"

நடந்திருக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. டோமியே கிழித்துத் தொங்கவிட்ட அதே வக்கீல்களை இன்றைக்கும் அங்கே வக்கீல்கள் வாங்கித் தங்கள் ஆபீஸ் சுவரில் மாட்டிக்கொள்கிறார்கள். நானே பார்த்திருக்கிறேன், நல்ல மரச்சட்டம் போட்டு.

"அப்ப அந்த ஆளு இன்னும் தோத்துக்கிட்டே இருக்காரா?"

"அவர் செத்து ரொம்ப நாளாச்சு ராத்தா."

"நல்லவேளை." எழுந்துபோய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த வாரம் மூடியில் படம் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மசாலா டப்பாக்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கட்டினார். மாமியாருக்கு போன் போட்டு, "வருவேன்போலத்தான் இருக்கு," என்று சொன்னபோது அவர் குரலை நான் கேட்டேன். அந்தக் குரலில் ஒருவர் பல் பிடுங்கப் போவார்.

இதற்கு நடுவே சோலைமுத்து பிரஸ்ஸிலிருந்து கூப்பிட்டார். "யாத்தே, இங்கன ஒரு கூத்தப் பாருங்க. கட்டில பத்தடிக்கு அடிக்கச் சொல்லி ஆர்டரு வந்துருக்கு. மொதலாளி என்னையத்தேன் அடிக்கச் சொல்றாரு. என் காலு மட்டும் ரெண்டடி வருதுக்கா!"

ஆண்டு விழாவுக்குச் சேகு காக்காவின் மனைவி அஸ்மத் பீவி கீழக்கரையிலிருந்து விசிட் விசாவில் வந்தார். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவை. தட்டி அடிக்கும் வேலை விழாவுக்குப் பிறகுதான் என்பதால் ஆரிப் காக்காவின் அறை காலியாகக் கிடந்தது. சேகு காக்கா மனைவியை அங்கே தங்க வைத்தார். வந்த அன்றே அவர் கிச்சனுக்குள் வந்து, ராத்தாவின் மீன் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "புளி கூட," என்றார். ராத்தாவின் கரண்டி சட்டியில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

டிசம்பர் முதல் தேதி, ஞாயிறு. ரோலாவில் ஒரு ஹோட்டலின் மாடி ஹால். மேடையின் பின்சுவர் முழுக்கக் கட்டில். மச்சம் வலது கன்னத்தில். படத்துக்கு மேலே பேரவையின் பெயர், கீழே தலைவரின் பெயர். முன்வரிசையில் அஸ்மத் பீவி, பக்கத்தில் ராத்தா, அதற்குப் பக்கத்தில் நான். பின்னால் சேகு காக்காவின் பிளாட்டுகளிலிருந்து வந்த ஆட்கள். பிரியாணி உண்டு என்று சொல்லியிருந்ததால் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள்.

விழா தொடங்கும் முன்பே படமெடுப்பு. எந்த விழாவானாலும் பேனருக்கு முன்னால் நின்று படமெடுக்காமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. சேகு காக்கா நடுவில் நின்றார். முதலில் இரண்டு பேர் வந்து மரியாதையாக நின்றார்கள். மூன்றாவது ஆள் கன்னத்தில் கை வைத்து, கண்ணை மூடி, தூங்குவதுபோல் நின்றான். ஹாலில் ஒரு சிரிப்பு. அடுத்து வந்தவன் தரையில் படுத்துக் காலை நீட்டினான். பிறகு வரிசையே கட்டிவிட்டார்கள். குறட்டை விட்டார்கள், ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்தார்கள், சோலைமுத்து சாக்ஸைக் கழற்றிக் காட்டினார். சேகு காக்கா எல்லோருடைய தோளிலும் கை போட்டுச் சிரித்துக்கொண்டே நின்றார். இவ்வளவு அன்பை அவர் எதிர்பார்க்கவில்லை.

அஸ்மத் பீவி ராத்தாவின் பக்கம் சாய்ந்தார். "இது என்ன கட்டிலு?"

"அது... உங்க வீட்டுக்காரவுஹ."

"அது கண்ணாடியப் பாத்தாலே தெரியுது. உள்ள படுத்திருக்கவுஹ யாரு?"

பின்வரிசையிலிருந்து ஒருவன் தலையை நீட்டினான். "நாங்கதான் மாமி. நான் மேல் தட்டு, இவன் கீழ்."

"ஒரு ரூமுக்கு எத்தனை பேரு?"

"தட்டியச் சேத்தா, சேக்காமயா மாமி?"

அஸ்மத் பீவி படத்தைப் பார்த்தார். கால்களை விரல் நீட்டி எண்ணினார், பாதியில் நிறுத்திவிட்டார். ராத்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், வலித்தது.

பேச்சுகள் நடந்தன. பொன்னாடைகள் போயின, வந்தன. கடைசியில் தலைவரின் துணைவியாருக்கும் ஒன்று என்று அறிவித்தார்கள். அஸ்மத் பீவி மேடையேறி, பொன்னாடையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்ளாமல் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"எனக்கு மேடையில பேசத் தெரியாது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். நானும் வாறேன்னு சொல்லும்போதெல்லாம், 'அங்க எடமே இல்ல புள்ள, மூச்சு முட்டும்'னு சொல்லுவாஹ. நானும் பாவம், தனியா ஒரு பெட்டிக்குள்ள கெடக்குறாஹன்னு நெனச்சுக்கிட்டேன்." திரும்பி பேனரைக் காட்டினார். "இந்த வயித்துக்குள்ள இத்தனை பேருக்கு எடம் இருந்திருக்கு. எனக்குத்தான் இல்லாமப் போச்சு."

ஹால் இடிந்துவிடும்போல் சிரித்தது. சேகு காக்காவும் கூடச் சிரித்துக்கொண்டே, மனைவி காட்டிய திசையில் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவர் அந்தப் படத்தைப் பார்த்தது அப்போதுதான். பிறகு முன்வரிசையில் உம்மு ஹானி ராத்தாவைத் தேடினார். ராத்தா கண்ணை எடுக்கவில்லை.

அன்று பிரியாணியை அவர் சாப்பிடவில்லை. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம்.

மறுவாரம் சொன்னபடி தச்சர் பிளைவுட்டோடு வந்தார். கூடவே சேகு காக்கா. முகம் இறுகியிருந்தது. "அந்தப் பெட்டியெல்லாம் எடுத்து வெளிய வைங்க," என்றார் ராத்தாவிடம். ராத்தா என்று கூப்பிடவில்லை. தச்சரிடம், "பாதி இல்ல, முழுசும் அடி," என்றார்.

ராத்தா பெட்டியைத் தூக்கினார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் அஸ்மத் பீவி உள்ளிருந்து அரிவாள்மணையோடு வந்து, கிச்சன் வாசலின் குறுக்கே உட்கார்ந்து வஞ்சிர மீனை வெட்ட ஆரம்பித்தார்.

"தள்ளு புள்ள, ஆளு வேலை பாக்கணும்," என்றார் சேகு காக்கா.

"எங்கன தள்ளுறது? நான் ஊருக்குப் போகப் போறதில்ல. குடும்ப விசாவுக்கு எழுதிக் குடுங்க. அந்த ரூமு எனக்கு. இது என் அடுப்படி. என் அடுப்படில எவனையும் கட்டிலு போட்டுப் படுக்க விடமாட்டேன்."

"பேரவை ஆளுகளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்..."

"வயித்துக்குள்ள படுக்க வச்சிக்கங்க."

தச்சர் சுவரைப் பார்த்து நின்றார். அவர் தோள் லேசாக ஆடியது. கடைசியில் அந்தப் பிளைவுட்டில் அஸ்மத் பீவி சொன்ன உயரத்துக்கு ஒரு மசாலா அலமாரி அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ராத்தா பெட்டியைப் பிரித்து டப்பாக்களை அதில் அடுக்கினார். அடுக்கிக்கொண்டே என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "யாரு அடுப்படின்னு சொன்னா, கேட்டியா?"

அடுப்பு தப்பித்தது. அமைதி தப்பிக்கவில்லை. புளி கூடவா குறைவா என்று ஒரு மாதம் சண்டை. பிறகு அஸ்மத் பீவி சோறு, ராத்தா குழம்பு என்று பிரித்துக்கொண்டார்கள். மெஸ் எழுபது பேருக்கு வளர்ந்தது. மற்ற பிளாட்டுகளில் கட்டில்கள் அப்படியேதான் நிற்கின்றன. சோலைமுத்து இன்னும் கீழ்த் தட்டு. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. ராத்தா வியாழன்தோறும் வரைகிறார், இப்போது விசா ஏஜென்ட், விமானக் கம்பெனி, பேரவையின் புதுச் செயலாளர். சேகு காக்காவை மட்டும் வரைவதில்லை. ஒரே அடுப்பில் சோறு வாங்குகிற ஆளை வரைவது முறையில்லை என்பார். அஸ்மத் பீவி மூடிகளை முதலில் பார்த்து, போகலாமா வேண்டாமா என்று சொல்லும் அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டார். பிரான்சிலும் அப்படி ஒரு தணிக்கை அலுவலகம் இருந்தது என்று நான் சொன்னதை ராத்தா ரசிக்கவில்லை.

மார்ச்சில் நான் மறுபடி கிளம்பிவிட்டேன். ஆகஸ்டில் ஓமான் நாட்டுச் சலாலாவில் இருந்தேன். மழைத் தூறல், மலையெல்லாம் பச்சை, ஹோட்டல் ஒன்றில் வேலை. ஒரு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸாப்பில் வந்தது:

"அன்பு மகள் அகிலாவுக்கு, செய்கு முகம்மது எழுதுவது. நலம், நலமறிய ஆவல். உம்மு ஹானி ராத்தாவிடம் எனக்காக நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் நேரில் சொன்னால் அடுத்த நிமிஷம் அஸ்மத் காதுக்குப் போய்விடும். என் வீட்டுக்காரியை ஒரே ஒரு மூடியில் வரைய முடியுமா? ஆட்டுக்கல், பிரஷர் குக்கர், எதுவாக இருந்தாலும் சரி. அச்சுக்கு மை நானே வாங்கித் தருகிறேன். என் பெயர் வெளியே வரக் கூடாது. இதைப் படித்தவுடன் அழித்துவிடவும்."